சுரண்டிய மாத்திரை

கரமனை, திருவனந்தபுரம்
14.11.2024

அன்புள்ள சூடாமணிக்கு,

அண்ணாவின் ஆசீர்வாதம். இங்கே வெளிப்பார்வைக்கு எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால், உன் சர்க்கரை, மாடியில் குடியிருப்பவர்களோடு உன் சண்டை எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். என் காது உனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் தெருக்கோடி வரை கேட்கும். இது உன் மன்னி மீராவின் காதில் விழக்கூடாத விஷயம். கவரை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏஜீஸ் ஆபீஸில் ஆயுள் முழுக்க அடுத்தவன் கணக்கைக் குடைந்தவனுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய டாக்டர் வேலையை விட்டுவிட்டு மகனோடு போய்விட்டார். போன மாதம் மீரா என்னைப் புது டாக்டரிடம் கூட்டிப் போனாள். சபீனா என்று பெயர், சின்ன வயசு, கெட்டிக்காரர்தான். காலையில் நான் பெரிய வெள்ளை மாத்திரை ஒன்றும் சின்ன ரோஸ் மாத்திரை ஒன்றும் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன் அல்லவா? உபவாச நாளில் மட்டும் சின்னது கிடையாது. எது என்ன என்று தெரிந்து விழுங்கினேன். “எதுக்கு சாரே ரெண்டு? ரெண்டும் சேர்ந்து ஒண்ணாவே வருது” என்று சொல்லி, இரண்டையும் ஒன்றாக்கிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் ரோஸ். மீரா அன்றைக்கே ஏழு கிழமைக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள்தான் நிரப்புகிறாள்.

போன மாதக் கடைசியில் ஒரு நாள் பூஜை அறையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். புழுக்கம்தான், வேறென்ன. மீரா அதையே பிடித்துக்கொண்டு “உபவாசத்தை விடுங்கோ” என்று நச்சரித்தாள். “உனக்குப் பயமாயிருந்தா நீ சாப்பிடு” என்றேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

இந்தத் திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தேன். செவ்வாய் அறையில் இருந்த மாத்திரை முழுக்க வெள்ளை. மற்ற ஆறும் சரியாக இருந்தன. கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ரோஸ் பக்கத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறது. சமையலறையில் காய் நறுக்கும் கத்தியின் பிடியோரம் கொஞ்சம் ரோஸ் பொடி ஒட்டியிருந்தது.

“மாத்திரை நிறம் மாறின மாதிரி இருக்கே” என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். “வெளிச்சம் ஆக்கும். பேசாம முழுங்குங்கோ” என்றாள், வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்காமலே. சுரண்டியதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த வெண்டைக்காயைப் பார்த்துச் சொன்ன பொய்தான் என்னை அரிக்கிறது.

உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. போஸ்ட்மேன் வரும் நேரத்துக்கு நானே வாசலில் நிற்கிறேன்.

உன் அண்ணா,
வெங்கிடேஷ்


பாளையங்கோட்டை
19.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சூடாமணி நமஸ்காரம். உன் கையெழுத்துக் கோடு விலகவில்லை. நானே பிரிக்க மனசில்லாமல் பக்கவாட்டில் கத்தரித்துப் பிரித்தேன். என் முழங்கால் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. மாடிக்காரர்கள்தான் இல்லை, காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

நான் மன்னியைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. கௌசிக் கல்யாணத்தில் சொந்த அத்தையான என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்ததைக்கூட நான் சொன்னதில்லை. ஆனால் மாத்திரையைச் சுரண்டுவது என்பது நான் கேள்விப்படாத சங்கதி. பால் குறைகிறது, எண்ணெய் குறைகிறது என்றால் யாராவது எடுத்திருப்பார்கள் எனலாம். மருந்தில் பாதியை ஒருத்தி எதற்குச் சுரண்ட வேண்டும்?

தீபாவளிக்கு நான் அங்கே வந்திருந்தபோது உன் ஆத்துக்காரி என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? “இங்கிலீஷ் மருந்து சிறுநீரகத்தைத் தின்னுடும் சூடாமணி, எங்க கிளாஸ்ல சொன்னா” என்றாள். அந்த கிளாஸ் என்றைக்கு நடக்கிறது என்று விசாரி. உன்னைக் கேட்காமலே உன் மருந்தை நிறுத்திப் பார்க்கிறாள் என்று எனக்குப் படுகிறது. நிறுத்திப் பார்த்து உனக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? கௌசிக் டப்ளினில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் அழுவான்.

நீ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார். அவளிடம் எதையும் கேட்காதே. கேட்டால் உஷாராகிவிடுவாள். இங்கே மாடி காலி என்று எழுதினேன் அல்லவா? உனக்கு மாடி ஏற வேண்டாம். நான் மாடிக்குப் போய்விட்டு, கீழே காற்றோட்டமான அறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன். சும்மா சொல்லி வைக்கிறேன்.

உன்,
சூடாமணி


கரமனை
28.11.2024

அன்புள்ள சூடாமணிக்கு,

ஆசீர்வாதம். உன் மூளை ஏஜீஸ் ஆபீஸில் இருந்திருக்க வேண்டியது. கிளாஸ் செவ்வாய்க்கிழமைதான். ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாண ஹாலில் நடக்கிறது.

உன் கடிதம் வரும் முன்பே, 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அவள் பஸ் ஏறியதும் நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். ஹாலுக்கு எதிரே பூக்கடை மறைவில் நின்று எட்டிப் பார்த்தேன். அறுபது வயசுப் பெண்டுகள் பாயில் படுத்துக்கொண்டு வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மீராவும் தூக்கிக்கொண்டிருந்தாள். அதில் குற்றம் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் பூக்காரி “மாமாவுக்கு எத்தனை முழம்?” என்று பிடித்துக்கொண்டாள். பிச்சிப்பூவோடு வீட்டுக்கு வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவாமிக்குப் போட்டேன். பூ எங்கே வாங்கினேன் என்று மீரா கேட்கவே இல்லை. கேட்காததும் சந்தேகமாக இருக்கிறது.

அந்த வாரம் மாத்திரை சரியாக இருந்தது. விட்டுப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். நேற்று முன்தினம், 26, மறுபடி செவ்வாய், மறுபடி சுரண்டல். அதையே விழுங்கினேன். உடம்புக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை பாரணைச் சாப்பாடு முடிந்து விரலைக் குத்திப் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம். மருந்து குறைந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மீராவோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவள் எனக்குத் தெரியாமல் ஒரு கர்ச்சீப் வாங்கியதில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது அவள் காப்பி டம்ளரை நீட்டினால் முதலில் முகர்ந்து பார்க்கிறேன். நான் முகர்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல, டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஒரே வீட்டில் இரண்டு உளவுக்காரர்கள் குடித்தனம் நடத்துகிறோம்.

எனக்கு ஓர் உதவி செய். அந்தப் பழைய சின்ன ரோஸ் மாத்திரை வேண்டும். அவள் சுரண்டுகிற அன்றைக்கு நான் அதைப் போட்டுக்கொண்டால் சரிக்குச் சரியாகிவிடும். தெருமுனையில் வேல்சாமியின் மெடிக்கல் ஷாப்பில் வாங்க முடியாது. நான் காலையில் வாங்கினால் சாயங்காலம் “மாமா வந்துட்டுப் போனாங்க” என்று மீராவிடம் ஒப்பிப்பான். நீயும் அதே மாத்திரைதானே சாப்பிடுகிறாய்? கொஞ்சம் அனுப்பு. காதும் காதும் வைத்தாற்போல் இருக்கட்டும்.

உன் அண்ணா,
வெங்கிடேஷ்


பாளையங்கோட்டை
5.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். கூரியரில் ஒரு தகர டப்பா வரும். மேலே சித்திரை வெயிலில் நான் போட்ட ஜவ்வரிசி வடாம். மன்னி திறந்து பார்த்தால் வடாம்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் நியூஸ் பேப்பர் மடித்துப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. பேப்பரை எடுத்த மாதிரியே திருப்பிப் போட்டுவிடு.

அதே ரோஸ் மாத்திரைதான். உன்னுடையதில் ஒன்று என்று போட்டிருக்கும், என்னுடையதில் இரண்டு என்று போட்டிருக்கிறது. எண் பெரிதாயிருந்தால் நல்லதுதானே. சுரண்டியிருக்கிற அன்று மட்டும் காலையில் ஒன்று போட்டுக்கொள். மற்ற நாளில் தொடாதே.

அண்ணா, நீ காப்பியை முகர்ந்து பார்க்கிறாய் என்று படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் அப்பா அம்மா இருந்திருந்தால் உன்னை இப்படி விட்டிருப்பார்களா? கீழ் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். மின்விசிறியும் மாற்றியாயிற்று. நீ வந்தாலும் வராவிட்டாலும் அறை சுத்தமாயிருக்கட்டும் என்றுதான்.

உன்,
சூடாமணி


கரமனை
13.12.2024

அன்புள்ள சூடாமணிக்கு,

டப்பா வந்தது. மீராதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். “உங்க தங்கை வடாம் அனுப்பியிருக்கா” என்று சொல்லி மேலாகக் கொஞ்சம் எடுத்துப் பொரித்தாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து ஓர் அட்டையை எடுத்து என் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். மீதி அடியிலேயே இருக்கிறது.

செவ்வாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் புதன்கிழமை மாத்திரையைச் சுரண்டியிருக்கிறாள். நான் கிழமையைப் பிடித்துவிட்டேன் என்று மோப்பம் பிடித்து மாற்றிவிட்டாள் பார். குருவாயூர் ஏகாதசி நாளும் அதுவுமாக இந்த வேலை. காலையில் அவள் வைத்ததோடு உன் மாத்திரை ஒன்றையும் போட்டுக்கொண்டு ஜபத்துக்கு உட்கார்ந்தேன்.

பத்து மணி இருக்கும். உள்ளங்கை வியர்த்தது, பிறகு நெற்றி. சட்டை தொப்பலாகிவிட்டது. விரலெல்லாம் நடுங்கியது. கூடத்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீரா ஓடி வந்தாள். என் விரலைக் குத்தி மெஷினைப் பார்த்துவிட்டு “ரொம்பக் கொறச்சலா இருக்கு” என்றாள். கண்ணாடி பூஜை அறையில் இருந்தது. அவள் சொன்னதை நான் எப்படி நம்புவது? பிறகு என்ன செய்தாள் தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் அள்ளி அள்ளிச் சர்க்கரை போட்டுக் கலக்கி, உபவாசத்திலிருப்பவன் வாயில் ஊற்றினாள். தலையைத் திருப்பினேன். தாடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். அவள் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரைத் தண்ணீர். நீயே சொல்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. நின்றதும் அவள் சமையலறையில் போய் அழுதாள். பயத்தில் அழுதாளா, நினைத்தது நடக்கவில்லை என்று அழுதாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி இந்த வீட்டில் இருக்க எனக்குத் தெம்பில்லை. 28ஆம் தேதி சனிக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு டிக்கெட். மீராவிடம் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது சொன்னால் போதும். அவளை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியதை ஒரு தரம் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

உன் அண்ணா,
வெங்கிடேஷ்


பாளையங்கோட்டை
18.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். சர்க்கரைத் தண்ணீரா? வாயைப் பிடித்துக்கொண்டா? அடிப்பாவி என்று என் வாயில் வந்துவிட்டது. கோயில் பக்கம் திரும்பி ஒரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்து நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை ஏறுவதால்தான் வரும். அவள் சுரண்டிச் சுரண்டி உன் உடம்பில் சர்க்கரையை ஏற்றிவிட்டாள். ஒரு மாத்திரைக்கு அது கட்டுப்படவில்லை. கிளம்புவதற்குள் இன்னொரு தரம் சுரண்டினால் இரண்டாகப் போட்டுக்கொள். இன்னும் பத்தே நாள், ஜாக்கிரதையாக இருந்துவிட்டு வண்டி ஏறு.

கட்டில் போட்டாயிற்று. உனக்கு முதுகு வலிக்காமல் இலவம் பஞ்சு மெத்தை. சனிக்கிழமை நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன். என் ஆத்துக்காரர் போன பிறகு இந்த வீட்டில் என்னை ‘டீ’ போட்டுக் கூப்பிட ஆளில்லை. உனக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று இத்தனை நாள் எழுதினேன். எனக்காகவும்தான் அண்ணா.

உன்,
சூடாமணி


பாளையங்கோட்டை
2.1.2025

அண்ணா,

சனிக்கிழமை ஸ்டேஷனில் நின்றேன். வண்டி வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்கும் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்குக் கூப்பிட்டேன். மன்னி எடுத்து “ஹலோ” என்றாள். தொண்டை கட்டியிருந்த மாதிரி இருந்தது. நான் வைத்துவிட்டேன். மறுபடி அவளே கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

நீ எங்கே இருக்கிறாய்? உன்னை வர விடாமல் தடுத்துவிட்டாளா? கௌசிக்கைக் கேட்கலாம் என்றால் அவன் அம்மாவிடம் சொல்லிவிடுவான். என்ன நடந்தாலும் ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் வெறும் கவரை ஒட்டி, மேலே குறுக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

சூடாமணி


கரமனை
12.1.2025

அன்புள்ள சூடாமணிக்கு,

ஆசீர்வாதம். நான் இருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

26ஆம் தேதி வியாழக்கிழமை மாத்திரை சுரண்டியிருந்தது. நீ எழுதிய மாதிரி உன்னுடையதில் இரண்டு போட்டுக்கொண்டேன். கொல்லையில் துளசி பறிக்கக் குனிந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஆஸ்பத்திரி விட்டம். இரண்டு நாள் குளூகோஸ் ஏற்றியிருக்கிறார்கள். சர்க்கரை ஏறிப் போய் விழவில்லை சூடாமணி. இறங்கிப் போய் விழுந்தேன். நடுக்கமும் வியர்வையும் அதற்குத்தான் வருமாம். குருவாயூர் ஏகாதசியன்று மீரா தாடையைப் பிடித்து ஊற்றியது விஷம் இல்லை, அன்றைக்கு என்னைப் பிழைக்க வைத்ததே அந்தத் தண்ணீர்தான் என்று டாக்டர் சபீனா சொன்னார்.

நான் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் டாக்டர் மீராவை விசாரித்துக்கொண்டிருந்தார். மருந்தில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். மீரா ஒளிக்கவில்லை. “என்னாலதான் டாக்டர். ஏகாதசி அன்னிக்கு மட்டும் ரோஸ் பக்கத்தைச் சுரண்டி வச்சேன்” என்று சொல்லி அங்கேயே அழுதாள். பழைய டாக்டர் உபவாசத்தன்று சின்ன மாத்திரையை விட்டுவிடச் சொல்வாரே, அதை இவள் மறக்கவில்லை. உனக்கு எழுதிய நான்தான் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றாகிவிட்டதால் எதை விடுவது? பூஜை அறையில் நான் கண் இருட்டி உட்கார்ந்தது புழுக்கத்தால் இல்லை, அன்றும் ஏகாதசிதான். விழுங்கியது முழு மாத்திரை. அதைப் பார்த்துவிட்டு, ரோஸ் பக்கம்தான் பழைய சின்ன மாத்திரை என்று தானே யோசித்து, உபவாச நாள் மாத்திரையை மட்டும் சுரண்ட ஆரம்பித்திருக்கிறாள்.

செவ்வாய், செவ்வாய், புதன், வியாழன் என்று நான் கிழமையைப் பிடித்துத் தொங்கினேன். திதியைப் பார்க்கவில்லை. தினம் பூஜையில் சங்கல்பத்துக்குத் திதியை வாய்விட்டுச் சொல்கிறவன் நான். உன் மாத்திரையை வேறு பஞ்சாங்கத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். அவள் எந்த நாளில் மருந்தைக் குறைத்தாளோ, சரியாக அதே நாளில், வெறும் வயிற்றில், நாம் இரண்டு பேரும் சேர்ந்து நாலு பங்கு வரை ஏற்றியிருக்கிறோம்.

டாக்டருக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். மாத்திரையைச் சுரண்டிப் பிரிக்க முடியாது, எவ்வளவு போயிற்று எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும், அந்த வெள்ளைப் பாதியும் மெல்ல மெல்லக் கரைய வேண்டியது என்று மீராவை நிற்க வைத்துத் திட்டினார். தான்தான் புருஷனைக் கொல்லப் பார்த்தோம் என்று மீரா நம்பிவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் விழித்திருந்தேன். உண்மை என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை மீராவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னேன், சுரண்டிய கடைசி இரண்டு நாளும் நான் வேறு மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று. எங்கே கிடைத்தது என்று கேட்டார். கிழக்கேகோட்டையில் ஏதோ கடையில் வாங்கினேன் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. டாக்டர் மீராவை ஒரு தரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “விரதமுள்ள காரியம் எந்தா பறயாஞ்ஞது, சாரே?” என்று கேட்டார். விரதம் இருப்பதை ஏன் சொல்லவில்லை என்கிறார். சபீனா என்று பெயருள்ளவரிடம் ஏகாதசியைப் பற்றி என்ன சொல்வது என்று முதலில் போன அன்று நினைத்திருந்தேன். “ஞங்ஙளுக்கும் நோன்பு உண்டு சாரே, எத்தனையோ பேருக்கு மாத்திரை மாத்திக் கொடுக்கறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்தபின் மீராவிடம் கேட்டேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. “சொன்னாக் கேப்பேளா? பயமாயிருந்தா நீ சாப்பிடுன்னேள். எனக்குப் பயமாத்தான் இருந்தது” என்றாள். அவ்வளவுதான். நான் அவள் காப்பியை முகர்ந்ததைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தாநாள் வைகுண்ட ஏகாதசி. நான் இட்லி சாப்பிட்டேன். தனியாகச் சாப்பிட எனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று அவளும் தட்டைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் சின்ன வயசிலிருந்து விடாத உபவாசம். காப்பியை இந்தத் தடவை கையில் கொடுத்தாள்.

டாக்டர் மறுபடியும் இரண்டு மாத்திரையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். உபவாசம் இருப்பதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. உன்னுடையதில் ‘இரண்டு’ என்று போட்டிருப்பது இரட்டை வீரியம். நீயும் ஏகாதசி இருப்பவள். நாளைக்கே உன் டாக்டரிடம் போய்ச் சொல். தள்ளிப் போடாதே.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டவன் நான், அனுப்பியவள் நீ. சர்க்கரையைப் போலச் சந்தேகமும் நம் வீட்டில் பரம்பரை போலிருக்கிறது, அதற்குத்தான் மாத்திரை இல்லை. ஆனால் மீராவைப் பற்றி இனி என்னிடம் எதுவும் எழுதாதே. நானும் எழுத மாட்டேன். கீழ் அறையில் போட்ட கட்டிலை எடுத்துவிடாதே. தை கழித்து வருகிறோம். இரண்டு டிக்கெட்.

இந்தக் கவரை ஒட்டவில்லை, மேலே கையெழுத்தும் போடவில்லை. மீராவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். படித்தால் படிக்கட்டும்.

உன் அண்ணா,
வெங்கிடேஷ்


கரமனை
13.1.2025

சூடாமணிக்கு,

மன்னி எழுதுவது. உன் அண்ணா கவரை ஒட்டாமல் கொடுத்தார். நான் உள்ளே இருப்பதைப் பிரித்துப் படிக்கவில்லை. இந்தத் துண்டுத் தாளை மட்டும் கூட வைத்து ஒட்டுகிறேன். அவர் போடுகிற மாதிரி மேலே குறுக்கே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். விலகாமல் வந்ததா என்று பார்த்துக்கொள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஒன்றும் சமைக்கத் தோன்றவில்லை. மீதி வடாமைப் பொரித்து மோர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் இருந்த பேப்பரும் விழுந்தது, அட்டைகளும் விழுந்தன. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டியது நான்தான். மறுநாள் அவர் ஏதோ கடையில் வாங்கினேன் என்று சொன்னபோது டாக்டர் என்னைப் பார்த்தார், நான் பேசாமலிருந்தேன். உன்னைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்டதில்லை, ஆனால் அன்றைக்கே உன் முகத்தில் தெரிந்தது. கௌசிக் கல்யாணத்தில் உன்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தது, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேறு யாரும் இல்லாததால். நான் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை.

வடாம் நன்றாக இருந்தது. டப்பாவைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருகிறேன். அடுத்த தடவை வடாம் மட்டும் அனுப்பு.

மீரா